கிணற்றில் எறிந்த காசும் அணையாத அடுப்பும்

கல்வராயன் மலையிலே தோன்றும் கோமுகியும் மணிமுத்தாறும் சமவெளியில் இறங்கி, வழியிலுள்ள வயல்களையெல்லாம் நனைத்து, வெள்ளாற்றோடு கூடிப் பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலை அடைகின்றன. அந்த வெள்ளாற்றுச் சமவெளியிலே, சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பிறந்தவர் இராமலிங்க அடிகளார். மருதூரும் வடலூரும் சின்னசேலமும் 1993 வரை ஒரே தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களாக விளங்கின. சின்னசேலத்தில் புகைவண்டி ஏறி விருத்தாசலம் வழியாகக் கடலூர் செல்வோர் இடையில் காணும் நிலையங்களுள் ஒன்று வடலூர். அத்துணை அண்மையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை, இன்றைய மக்களின் வாழ்க்கை அளவுகோலுக்கு எத்துணைச் சேய்மையில் நிற்கிறது என்பது எண்ணத்தக்கது.

இன்று ஒருவர் வாழ்க்கையில் வென்றாரா என்று அறிய விரும்புவோர் அவர் கட்டிய வீட்டைப் பார்க்கின்றனர். வாங்கிய நிலத்தையும் ஊர்தியையும் எண்ணுகின்றனர். மகள் திருமணத்திற்கு எழுப்பிய பந்தலின் நீளத்தை அளக்கின்றனர். இவ்வளவையால் அளந்தால் வள்ளலார் முற்றும் தோற்றவர். ஐம்பது ஆண்டுகள் இவ்வுலகில் வாழ்ந்தும் தமக்கென ஒரு வீடு அவர் கொண்டாரில்லை. தமையனார் வீட்டிலும் அன்பர் வீட்டிலும் பிறருக்காக எழுப்பிய சாலையிலுமே அவர் காலம் கழிந்தது. எனினும், அவர் காலத்துச் செல்வர் பலருடைய மாளிகைகள் இருந்த இடமும் தெரியாமற் போயின. அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

ஏழுகிணற்றில் வளர்ந்த இளமை

தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியருமாவார். தாயார் சின்னம்மையார். இவர்களுக்குப் பிறந்த ஐந்து மக்களில் கடைக்குட்டி இராமலிங்கர். குழந்தை பிறந்த மறு ஆண்டிலேயே தந்தையார் காலமானார். சின்னம்மையார் பொன்னேரிப் பக்கத்திலுள்ள தம் ஊராகிய சின்னகாவணத்திற்குச் சென்று சில காலம் இருந்து, பின்னர் மக்களோடு சென்னையில் குடியேறினார். ஏழுகிணற்றுப் பகுதியில், வீராசாமிப் பிள்ளை தெருவிலே அக்குடும்பம் வாழ்ந்தது.

மூத்தவர் சபாபதி பிள்ளை, காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கற்றுப் புராணச் சொற்பொழிவாற்றி, அவ்வருவாயால் குடும்பத்தைத் தாங்கினார். தம்பியும் நன்கு படித்து நாலு காசு ஈட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்விருப்பத்தில் தவறேதும் இல்லை. தந்தையற்ற வீட்டின் சுமையை இளந்தோளில் தாங்கிய ஒருவர் வேறு எவ்வாறு எண்ணியிருத்தல் கூடும்? ஆனால் தம்பியோ பள்ளிக்குச் செல்லாமல் கந்தகோட்டத்திற்குச் சென்று முருகன் முன்னின்று பாடிக்கொண்டிருந்தார். தமையனார் சினந்து வீட்டில் சோறிடலாகாதென ஆணையிட, அண்ணியார் பாப்பாத்தி அம்மையார் கணவர் அறியாமல் அன்னமிட்டுக் காத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். பின்னாளில் பல்லாயிரவர்க்குச் சோறிட்ட கை, முதலில் ஒருவரின் பரிவால் சோறு பெற்ற கை என்பதை மறத்தல் ஆகாது.

ஒருமுறை தமையனார் நோயுற்றிருந்தபோது, சோமு செட்டியார் இல்லத்தில் நடைபெற்ற பெரியபுராணச் சொற்பொழிவிற்குத் தம்பியார் அவருக்கு மாற்றாகச் சென்றார். திருஞானசம்பந்தர் வரலாற்றை அன்று அவர் விரித்துரைத்த திறம் கேட்டோரை வியப்பில் ஆழ்த்தியது. தொடர்ந்து அவரே சொல்லவேண்டுமென அவையோர் வேண்டினர். அக்காலச் சென்னையில் வணிகச் செல்வர்கள் புலவர்களை ஆதரித்துப் பொருள் வழங்கிவந்தனர். நாவன்மை உடைய இளைஞர் ஒருவர்க்குப் பொருளும் புகழும் நிறைந்த வாழ்க்கைக்கு வாயில் திறந்தே இருந்தது. அவ்வாயிலில் அவர் நுழையவில்லை.

கிணற்றில் விழுந்த பணம்

பொருளின்பால் அடிகளார் கொண்டிருந்த மனநிலையைப் பிறர் சொல்லி அறியவேண்டுவதில்லை. ஆறாம் திருமுறையில் உள்ள பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் நெடும்பாடலில் அவரே அதனைப் பதிவு செய்துள்ளார். தம்மிடம் வந்த பணத்தைப் பலமுறை கிணற்றிலும் குளத்திலும் எறிந்துவிட்டதை அப்பாடலில் இறைவனிடம் விண்ணப்பிக்கின்றார். கைகளை வீசி நடப்பதற்கும் கூசி, அவற்றைக் கட்டிக்கொண்டு நடந்ததையும், வெண்ணிற ஆடையால் உடலை மூடிக்கொண்டதையும் சொல்கின்றார். பிறர் பசியையும் துயரத்தையும் கண்டு உள்ளம் நடுங்கிய நிகழ்ச்சிகளும் அங்கேயே அடுக்கடுக்காக வருகின்றன.

காசைக் கிணற்றில் எறிதல் அறமாகுமா, அதனை ஓர் ஏழைக்கு ஈந்திருக்கலாகாதா என்று வினவுவோர் உளர். நேர்மையான வினா அது. அடிகளாரின் பிற்கால வாழ்க்கையே அதற்கு விடையாகிறது. இளமையில் காசு தம்மைப் பற்றிக்கொள்ளுமோ என அஞ்சி எறிந்தார். முதுமையை நெருங்கியபோது, பசித்தோர்க்கென வந்த நெல்லையும் நிலத்தையும் மறுக்காமல் ஏற்றார். பொருளை வெறுத்தல் என்னும் நிலையிலிருந்து பொருளுக்கு உரிய இடத்தைக் காட்டுதல் என்னும் நிலைக்கு அவர் வளர்ந்தார் எனலாம்.

1850ஆம் ஆண்டில் உறவினர் வற்புறுத்தலால் தமக்கையார் உண்ணாமுலை அம்மையாரின் மகளை மணந்தார். அம்மையாரின் பெயர் தனக்கோடி. கோடி தனம் என்னும் பொருள்படும் பெயர் உடையவரை மணந்த அன்றிரவு, மணமகன் திருவாசக ஏட்டை ஓதிக்கொண்டிருந்தார் என்பது வரலாறு. அவருடைய துறவைப் போற்றும் நூல்கள் பல. அத்துறவின் சுமையில் ஒரு பங்கைத் தனக்கோடி அம்மையாரும் சுமந்தார் என்பதையும் அவ்விடத்தே எண்ணிப் பார்த்தல் கடன்.

மனுவேந்தன் தன்னையே கேட்ட கேள்விகள்

அடிகளாரின் உரைநடை நூல்களுள் 1854இல் வெளிவந்த மனுமுறைகண்ட வாசகம் குறிப்பிடத்தக்கது. தேர்க்காலில் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே இழக்கத் துணிந்த சோழ வேந்தனின் கதை அது. மகன் செய்த பிழையை அறிந்த வேந்தன், முற்பிறப்பில் தான் செய்த தீவினை எதுவோ என்று தன்னையே நெருக்கிக் கேட்கும் பகுதி அந்நூலின் உயிர்நிலை.

அக்கேள்விகளைப் பொருள் நோக்கிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். வேந்தன் தன்மீது சுமத்தும் குற்றங்களுள் பல பொருளைத் தவறாகச் சேர்த்ததும் பொருளைத் தராமல் மறுத்ததும் பற்றியனவே. குடிகள்மீது வரியை ஏற்றிப் பறித்தல், வேலை வாங்கிக் கூலியைக் குறைத்தல், ஈவாரைத் தடுத்தல், பசித்து வந்தவர் முகத்தைப் பாராதிருத்தல், இரந்தவர்க்கு இல்லையென்றல் ஆகியவை கொலைக்கும் களவுக்கும் நிகராக ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. சட்டம் குற்றமெனக் கொள்ளாத செயல்களை மனச்சான்று குற்றமெனக் கொள்கிறது. கூலியைக் குறைத்துச் சேர்த்த பணத்தால் கட்டிய வீடு எத்துணை உயர்ந்தாலும் அது வெற்றியின் சின்னம் ஆகாது என்பதை 31 வயதிலேயே அடிகளார் இவ்வாறு ஓர் அரசன் வாயில் வைத்து உணர்த்திவிட்டார்.

பட்டத்திற்கு அஞ்சிய பாவலர்

1858ஆம் ஆண்டளவில் அடிகளார் சென்னையை நீங்கிச் சிதம்பரம் வந்து, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழி என்னும் சிற்றூரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். தலைநகரில் வளரும் புகழை விட்டுச் சிற்றூருக்கு வந்தது உலகியல் நோக்கில் பின்னேற்றமே. ஆனால் அருட்பாவின் பெரும்பகுதி பிறந்தது அந்தச் சிற்றூர்களில்தான்.

அவர் பாடல்களை அச்சிட வேண்டுமென முயன்றவர்களுள் முதன்மையானவர் இறுக்கம் இரத்தின முதலியார். ஆண்டுகள் பல கேட்டும் அடிகளார் இசையவில்லை. ஏடுகள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென முதலியார் நோன்பு கொண்டார். அதனை அறிந்த பின்னரே அடிகளாரின் உள்ளம் இளகியது. தம் புகழுக்காக இசையாதவர், பிறர் ஒருவர் தம்பொருட்டுப் பட்டினி கிடப்பதைப் பொறுக்கமாட்டாமல் இசைந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் புலவராய் விளங்கிய தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பிக்க, திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன.

அப்பொழுதும் ஒரு தடை எழுந்தது. இராமலிங்கசாமி என்று தம்மை வழங்குவதை அவர் விரும்பவில்லை. அப்பெயர் ஆரவாரமாகத் தோன்றுகிறதென்று அன்பர்க்கு எழுதிய மடலில் அதனை விலக்குமாறு கேட்டுக்கொண்டார். மடல்களில் அவர் இட்ட கையொப்பம் சிதம்பரம் இராமலிங்கம் என்பதே. வள்ளலார் என்னும் பெயரும் வேலாயுத முதலியார் சூட்டியதேயன்றி அவர் தாமே புனைந்துகொண்டதன்று. ஏறத்தாழ ஆறாயிரம் பாடல்கள் பாடியவர் தம் பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு சொல் மிகுவதற்குக் கூசினார்.

பொருள்மேல் ஆசை ஒழித்த புலவர்க்கும் புகழ்மேல் ஆசை ஒழிவது அரிது. பொன்னாடையும் பட்டமும் மேடை வரிசையும் கவிஞருலகின் நாணயங்கள். அந்நாணயத்தையும் அடிகளார் கிணற்றிலேயே எறிந்தார்.

எண்பது காணியும் ஓர் அடுப்பும்

1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அதற்கெனப் பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். மாளிகைவாழ் செல்வர் ஒருவர் தந்த கொடையன்று அது. உழுது உண்ணும் குடிகள் பலர் கூடிக் கொடுத்தது. கையில் காசு வைத்துக்கொள்ளாத ஒருவரை நம்பி நிலம் கொடுக்க மக்கள் முன்வந்தனர் என்றால், அந்த நம்பிக்கையே அவர் ஈட்டிய செல்வம் எனல் பொருந்தும்.

சாலையில் 21 அடி நீளமுள்ள அடுப்பு அமைக்கப்பட்டது. சாதி, சமயம், ஊர், பெயர் எதையும் கேளாமல், பசித்து வந்தவர் எவராயினும் சோறு பெறலாம் என்பதே விதி. அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையாது காக்கப்படுகிறது. தைப்பூசத்தன்று கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் வடலூர் செல்லும் அன்பர்கள் சோதி தரிசனம் கண்டு திரும்புகின்றனர். அச்சோதியைக் காட்டும் சத்திய ஞானசபைக்கு நான்கரை ஆண்டுகள் முந்தியது இந்த அடுப்பு. சபையில் வழிபாடு தொடங்கியது 1872 சனவரி 25ஆம் நாளில்தான். சோறு முதலில், சோதி அடுத்து என்னும் இவ்வரிசையை அடிகளாரின் கொள்கை விளக்கமாகவே கொள்ளலாம்.

பந்தலும் பசியும்

சாலைத் தொடக்கத்தை ஒட்டி அடிகளார் எழுதிய சீவகாருண்ய ஒழுக்கம், பசியைப் பற்றித் தமிழில் எழுந்த உரைநடைகளுள் தலைசிறந்தது. பசி எழும்போது உடலின் கருவிகள் ஒவ்வொன்றும் எவ்வாறு தளர்கின்றன என்பதை மருத்துவர் நோக்கோடு அந்நூல் விவரிக்கிறது. பசி வந்தால் அரசனும் தன் அதிகாரச் செருக்கை விட்டு அருகிலிருக்கும் அமைச்சரிடம் எளிய சொற்களால் முறையிடுவான் என்று அடிகளார் காட்டுகின்றார். செல்வம் தரும் உயர்வெல்லாம் ஒருவேளைச் சோறு தவறும்வரைதான் என்பது இதனால் பெறப்படும்.

அந்நூலில் திருமண ஆரவாரத்தைப் பற்றிய பகுதி இக்காலத்திற்கென்றே எழுதியது போல் உள்ளது. பந்தலை அலங்கரித்து, ஆடலும் பாடலும் வாத்தியமும் ஊர்வலமும் அமைத்து, பலவகைப் பண்டங்களைப் பெருக்கி மகிழ்வோர், அந்த நேரத்தில் பசித்து வரும் ஏழையின் முகத்தைப் பார்க்கவும் மனம் கொள்வதில்லை என்று வருந்துகின்றார். அம்மகிழ்ச்சியின் நடுவே தமக்கோ தம் மக்களுக்கோ ஓர் இடர் நேர்ந்தால், பந்தல் அலங்காரமோ வாத்தியமோ ஊர்வலமோ அதனைத் தடுத்ததுண்டா என்று வினவுகின்றார். மகிழ்ச்சியை அவர் மறுக்கவில்லை. ஏழைகளின் பசியை நீக்கி, அவர் உள்ளத்தில் தோன்றும் மலர்ச்சியைக் கண்டு பெறும் மகிழ்ச்சியே நிலைத்தது. அதுவே துணையாய் நிற்பது என்கின்றார்.

இன்று திருமண மண்டபங்களின் வாயிலில் வண்ண விளக்குகளும், உள்ளே எண்ணிமாளாத உணவு வகைகளும், முடிவில் குப்பைத் தொட்டி நிறையச் சோறும் காணப்படுகின்றன. கடன் வாங்கியேனும் அந்த அளவை எட்டவேண்டும் என்னும் நெருக்கடியில் நடுத்தரக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டுகின்றன. அயலார் வாங்கியதைத் தானும் வாங்கவேண்டும் என்பதே தேவை என்று ஆகிவிட்டது. சீவகாருண்ய ஒழுக்கத்தின் அப்பக்கங்களை அத்தகைய குடும்பம் ஒன்று படிக்குமாயின், அவற்றைச் சமய நூலாக எண்ணாது. தன் வீட்டுக் கணக்காகவே எண்ணும்.

அடிகளார் அஞ்சிய பசி கற்பனையன்று. அவர் மறைந்து மூன்றாண்டு கழிவதற்குள் தாது ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தாக்கியது. 1876 முதல் 1878 வரை இலக்கக்கணக்கான மக்கள் மாண்டனர். அக்காலத்தும் இந்நாட்டுத் தானியம் கப்பலேறி வெளிநாடு சென்றுகொண்டுதான் இருந்தது. தானியம் இல்லாமையால் மட்டும் மக்கள் சாவதில்லை. தானியத்தைக் காசாக மட்டும் காணும் கண்ணாலும் சாகின்றனர்.

தோல்வியை மறையாதவர்

அடிகளாரின் இறுதி ஆண்டுகள் வெற்றி விழாக்களாக அமையவில்லை. அருட்பா என்னும் பெயரை எதிர்த்து எழுந்த பூசல் 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. 1870இல் அவர் வடலூரை விட்டு மேட்டுக்குப்பம் சென்று, சித்திவளாகம் எனப் பெயரிட்ட எளிய இடத்தில் தங்கினார். அவருடன் பழகிய தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இல் பிரம்மஞான சபையாருக்கு எழுதித் தந்த வாக்குமூலத்தால் அவர் தோற்றமும் இயல்பும் தெரியவருகின்றன. மெலிந்த உடலும் இரண்டு வெள்ளைத் துணிகளும் மிகக் குறைந்த உணவுமே அவருடையவை. சங்கத்தார் தம் அறிவுரையின்படி ஒழுகவில்லை என்று அவர் வருந்தியதையும் அவ்வாக்குமூலம் தெரிவிக்கிறது.

1873 அக்டோபர் 22ஆம் நாள் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றிப் பேருரை நிகழ்த்தினார். சரக்கைப் பரப்பி வைத்தும் வாங்குவாரின்றிக் கட்டிக்கொண்டு திரும்பும் வணிகனோடு தம்மை ஒப்பிட்டு அவர் கூறினார் என்று அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பொருளை வேண்டாதவர், தம் நிலையைச் சொல்ல அங்காடியிலிருந்தே உவமை எடுத்தது உருக்கமானது. கொடுக்க வந்ததை முழுதும் கொடுக்க இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்ள அவர் நாணவில்லை. 1874 சனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்து அறையினுள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார். 1878இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில், ஆட்சியராயிருந்த கார்ஸ்டின் இச்செய்தியைக் குறித்துள்ளார்.

அளவுகோல் எது?

தாமே தோல்வி என வருந்திய வாழ்க்கையை, ஒன்றரை நூற்றாண்டு கழித்து நாடு நன்றியோடு எண்ணுகிறது. அவர் பிறந்த நாளாகிய அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாளாகத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. ஆயினும் அறிவிப்பும் விழாவும் அவர் வாழ்க்கைக்கு அளவாகமாட்டா. நாள்தோறும் அந்தச் சாலையில் இலையின் முன் அமரும் முகமறியா மனிதனே அவருக்கு அளவு. அம்மனிதன் அருட்பாவைப் படித்திருக்கவேண்டுவதில்லை. அடிகளாரின் பெயரை அறிந்திருக்கவும் வேண்டுவதில்லை. பசி தீர்ந்து எழுந்தால் போதும்.

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டம் தன் கணக்கைப் பார்க்கும்போது நடத்திய கூட்டங்களையும் வெளியிட்ட நூல்களையும் பெற்ற பரிசுகளையும் எண்ணுவது இயல்பு. பாவலர் ஒருவர் தம் ஆண்டுகளை எண்ணும்போதும் அவ்வாறே. அவற்றோடு மற்றொரு கேள்வியையும் வள்ளலாரின் வாழ்க்கை கூட்டிவைக்கிறது: எழுதிய சொல்லால் எவருடைய துயரமேனும் ஒரு வேளைக்கேனும் தணிந்ததா? மலையிலிருந்து இறங்கும் கோமுகியைக் கேட்டால், தான் எவ்வளவு நீரைத் தேக்கினேன் என்று அது சொல்லாது. நனைந்த வயல்களே அதற்கு விடை சொல்லும்.